வேரில் தங்கிய காரீயம்

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் எங்கள் கொல்லையில் காரீயம் உருக்கிக்கொண்டிருந்தான். பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை இரும்புச் சட்டியில் காய்ச்சி, ஏரியில் மீன் பிடிக்கிறவர்களுக்கு வலைக்குண்டு வார்த்துக் கொடுப்பான். அண்ணி வந்ததும் புகை ஆகாது என்று அதை விட்டுவிட்டான். கிடந்த கசடை மண்ணோடு கொத்திவிட்டோம்.

அந்த இடத்தில் முள்ளங்கி போட்டது நான்தான். ஓரத்தில் தூவிய கொத்தமல்லி வெளுத்துச் செத்தது. முள்ளங்கி மட்டும் கரும்பச்சையாகத் தழைத்தது. அண்ணி அப்போது முழுகாமல் இருந்தாள். சோற்றைக் கண்டாலே குமட்டும் அவளுக்கு முள்ளங்கி மட்டும் பிடித்தது. தினமும் நான் பிடுங்கிவந்து கொடுப்பேன். பச்சையாகவே கடித்துத் தின்பாள்.

மார்கழியில் வயிறு முறுக்குகிறது என்று சுருண்டு படுத்தாள். ஆறாம் மாதமே வலி வந்தது. பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. நான்கு நாள் கழித்து, "தம்பி, முள்ளங்கி கீதா?" என்று கேட்டாள். பாவமாக இருந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கிவந்து கொடுத்தேன்.

அந்த வாரம் உர விஷயமாக வந்த கிராம சேவக் என்ற அரசாங்க ஊழியர் கொல்லையைப் பார்த்தார். கருப்புக் கசடைக் கையில் எடுத்து, "இன்னாய்யா இது?" என்றார். சொன்னேன்.

"விஷமாச்சே. செடி அதை வேர்லயே புடிச்சி வெச்சிக்கும், மேல ரொம்ப ஏற வுடாது. சில செடி அப்படித்தான் பொயைக்கும். இலை பச்சையா கீதுன்னு ஏமாந்துடாதே."

"சார், முள்ளங்கியில நாங்க துன்றதே வேரைத்தானே?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கசடைக் கீழே போட்டுவிட்டு வாய்க்காலில் கையை வெகுநேரம் கழுவினார்.

அன்று சாயங்காலமே அண்ணனும் நானும் எல்லாவற்றையும் பிடுங்கிக் குழிவெட்டிப் புதைத்தோம். அண்ணி கதவருகில் நின்று பார்த்தாள். "ஏன் தம்பி, நல்லாத்தானே இருந்திச்சி?"

"பூச்சி வுயுந்துடுச்சி அண்ணி."

அந்த மண்ணில் பிறகு எதுவும் போடவில்லை. இரண்டு வருஷம் கழித்து அண்ணிக்குப் பெண் பிறந்தது, நல்லபடியாக. இருந்தும் முதல் பிள்ளை முள்ளங்கியால் போயிற்றா, வேறெதனாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணி சாகும்வரை அவளிடம் நான் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.