உரக்கச் சொன்ன எண்

பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் உயரமும் எடையும் பார்ப்பதுதான் அந்த நர்சுக்கு வேலை. பத்தொன்பது வருஷமாக அதே வேலை. தோளில் எடை மெஷின், முழங்காலில் தேய்மானம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் தராசக்கா.

ஒரு நாளைக்கு இரண்டு பள்ளி முடித்தாக வேண்டும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பிள்ளை மெஷினில் ஏறியதும் எண்ணை உரக்கச் சொல்வார். வகுப்பு டீச்சர் எழுதிக்கொள்வார். யார் சிரிக்கிறார்கள், யார் முகம் தொங்குகிறது என்று பார்க்க ஏது நேரம்?

அன்று ஆறாம் வகுப்பு. பருமனான ஒரு பெண் தன் முறை வரும்போதெல்லாம் நழுவி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"ஏறும்மா, நேரமாகுது" என்று தராசக்கா அதட்டினார்.

ஏறினாள். அவர் எண்ணைச் சொன்னார். "மிஸ், மெஷின் நல்லாருக்கான்னு பாருங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சரின் உதட்டோரத்திலும் சிரிப்பு எட்டிப்பார்த்தது. இறங்கிய பெண் இரண்டடி வைத்தாள். கண் செருகிச் சரிந்தாள்.

ஆசிரியர் அறை பெஞ்சில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்ததும் தராசக்கா கேட்டார்: "காலைல என்னம்மா சாப்பிட்டே?"

"ஒண்ணுமில்ல. முந்தாநாள்லேர்ந்தே சாப்பிடல ஆன்ட்டி. அம்மா குடுத்ததை அவங்களுக்குத் தெரியாம கொட்டிட்டேன்."

"ஏம்மா?"

"எடை பாக்க வர்றீங்கன்னு மிஸ் சொன்னாங்க. போன வருஷமும் நீங்க கத்திச் சொன்னீங்க. அதுலேர்ந்து எல்லாரும் அந்த நம்பரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடறாங்க."

தராசக்காவுக்குப் போன வருஷம் நினைவில்லை. இந்த முகமே நினைவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார்; யாரோ கொண்டுவந்த பால் டம்ளரை நீட்டி, "மெதுவாக் குடி" என்றுதான் வார்த்தை வந்தது.

அடுத்த வாரத்திலிருந்து தனி அறை கேட்டு வாங்கினார். ஒவ்வொருவராக உள்ளே வரவேண்டும், எண்ணுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், எழுதுவதும் அவரே. கூடவே, சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாராவது கேலி செய்கிறார்களா என்று இரண்டு வார்த்தை. சிலர் உம் கொட்டிவிட்டுப் போனார்கள். சிலர் அழுதார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பள்ளி என்பது ஒன்றாகக் குறைந்தது.

மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார்: "உங்களை எடை பாக்க அனுப்பினோமா, கதை கேக்க அனுப்பினோமா?"

"நான் கத்தினதால ஒரு பொண்ணு ரெண்டு நாள் பட்டினி கிடந்திருக்கா சார்."

"அதுக்கு எல்லாப் பள்ளியும் காத்திருக்கணுமா?"

அவர் நீட்டிய மெமோவில் தராசக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். புது வழக்கத்தை மட்டும் மாற்றவில்லை. விட்டுப்போன பள்ளிகளுக்காகத் தன் விடுப்பு நாட்களைக் கொடுத்தார்.

மறு வருஷம் அந்தப் பெண் ஏழாம் வகுப்பு. உள்ளே வந்து, கேட்பதற்கு முன்பே, "சாப்பிட்டுட்டேன் ஆன்ட்டி" என்றாள்.

"இப்பவும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடறாங்களா?"

"இல்ல. வேற பேரு வெச்சிருக்காங்க."

என்ன பேர் என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ" என்றார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது.