காவிரிப் பாலத்தில் ஆம்ப் டெஸ்ட்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் பஸ் இன்று காவிரிப் பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டி நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

அந்த அமைதியை வீணாக்க மனசு வரவில்லை. பையிலிருந்து புது ஆம்ப்பை எடுத்தேன். போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் மாட்டுகிற தீப்பெட்டி அளவு டப்பா. பாட்டு துல்லியமாகக் கேட்கும் என்று வாங்கியது.

வழக்கமான டெஸ்ட்தான். ஒரு பாட்டின் ஆரம்பத்தில் வரும் வயலினை ஆம்ப்போடு கேட்பேன், கழற்றிவிட்டுக் கேட்பேன், மறுபடி மாட்டுவேன். வித்தியாசம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கேபிளை மாற்றினேன். திரும்பவும் முதலிலிருந்து.

முன்சீட்டில் இருந்த பெண் திரும்பினார்.

"ஏங்க, ஒரு தடவையாவது பாட ஆரம்பிக்க விடுங்களேன். வயலினக் கேட்டுக் கேட்டுத் தலை சுத்துது."

அப்போதுதான் உறைத்தது. என் ஹெட்போன் பின்பக்கம் திறந்த வகை. எனக்குக் கேட்பதெல்லாம் வெளியேயும் கேட்கும். அதை பஸ்ஸுக்கு எடுத்துவந்த அறிவாளி நான்.

"சாரிங்க, ஆஃப் பண்ணிடறேன்."

"ஐயோ, ஆஃப் பண்ணாதீங்க. பாட்டப் போடுங்க!"

போட்டேன். பழக்கதோஷத்தில் விரல் பாட்டைப் பின்னுக்குத் தள்ளப் போனது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். வயலின் முடிந்து ஒரு பெண் குரல் வந்தது. கடைசிவரை பாடியது.

"இப்பதாங்க நிம்மதியா இருக்கு" என்று அவர் திரும்பிக்கொண்டார்.

எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. ஒரு வருடமாக ஒவ்வொரு டப்பாவையும் சோதிக்க நான் போடும் அந்தப் பாட்டு, ஒரு தாலாட்டு. இன்றுதான் தெரிந்தது.

உங்களிடமும் இப்படி ஒரு டெஸ்ட் பாட்டு இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். முழுசாகக் கேட்டிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.