தபால்பெட்டியில் இருந்த பெயர்

“...அப்ப என்ரை வீட்டிலை எந்த அறையிலை மச்சான் நீ இருக்கிறாய்? அதையாவது சொல்லு” என்று யோகன் கேட்டான்.

நான் ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தேன். மறுபக்கத்தில் சமூக ஆலோசகர் பெரித் (நோயாளியின் இருப்பிடம், உதவிகளைக் கவனிப்பவர்) பேனையுடன் காத்திருந்தார். மறுநாள் என்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பதிவிலிருந்த என் விலாசம் என் நண்பன் யோகனுடையது. அதனால்தான் அவனை அழைத்திருந்தார்.

எனக்கு வீடு இல்லை. மனைவியைப் பிரிந்து, துப்புரவு வேலையும் போனபின் இரண்டு வருடமாக இல்லை. வாடகை அறையில் கடிதங்கள் தொலைகின்றன என்று பொய் சொல்லி, யோகனின் தபால்பெட்டியில் என் பெயரையும் ஒட்டுவித்திருந்தேன். படுத்ததெல்லாம் தெரிந்தவர்களின் சோபாக்களில். ஒவ்வொரு வீட்டிலும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதாகச் சொல்வேன். எங்கள் சனம் சோறு போடாமல் விடாது. துருவிக் கேட்காமலும் விடாது.

நீரிழிவுக்கு இன்சுலின் (இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் ஊசிமருந்து) அரச காப்புறுதியில் கிடைத்தது. குளிரில் வைக்க வேண்டிய மருந்து. பிறர் வீட்டுப் பிரிட்ஜில் வைத்தால் என் நீரிழிவு வருத்தமும் தெரிந்துவிடும், வீடில்லாததும் தெரிந்துவிடும். ஆகவே படுக்கும் வீட்டுப் பல்கனி மூலையில் பனிக்குள் புதைத்து வைத்தேன். இந்த நாட்டிலேயே பெரிய பிரிட்ஜ் இதுதானே என்று சிரித்துக்கொண்டேன். ஒருமுறை உறைந்த இன்சுலின் பழுது என்று எனக்குத் தெரியாது.

முதலில் தாகம் வந்தது. பிறகு, டிராமில் இருந்தவர்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வாயசைப்பதுபோல் தெரிந்தார்கள். பனி கீழே விழுகிறதா, நான்தான் மெல்ல மேலே போகிறேனா என்று பிடிபடவில்லை. விழித்தபோது கையில் சேலைன். கீற்றோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாவது) என்றார் வைத்தியர்.

எந்த அறை என்று கேட்டுவிட்டு யோகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு அறையிலையும் இல்லை” என்றேன். பிறகு அதையே பெரித்திடம் நொர்வேஜிய மொழியில் சொன்னேன். அது சுலபமாக இருந்தது. அந்த மொழியில் எனக்கு மானம் இன்னும் முளைக்கவில்லை போலும்.

யோகன் எழுந்து போய்விட்டான். அவனோடு இருந்த உறவு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

காப்புறுதி மருந்தைத் தருகிறது, அதை வைக்க ஒரு இடமில்லாவிட்டால் தந்தும் பயனில்லையே என்றார் பெரித். வீடில்லாமல் இந்தச் சிகிச்சை நடக்காது என்று வைத்தியரிடம் எழுதி வாங்கி நகரசபைக்கு அனுப்பினார். பதில் வரும்வரை என்னை ஒரு பராமரிப்பு விடுதியில் வைத்திருந்தார்கள். பனி உருகும் நாட்களில் ஓர் அறையுள்ள வீடு கிடைத்தது.

இதை வாசிக்கும் நீங்களும் இன்னொருவர் விலாசத்தில் வாழ்ந்துகொண்டிருந்தால், கேட்பவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். விலாசம் உள்ளவருக்கு வீடு வேண்டாம் என்றே நகரசபைக் கோப்பு நினைத்துக்கொள்ளும்.

முதல் வாரம் முழுவதும் பிரிட்ஜின் முனகலைக் கேட்டபடி கிடந்தேன். அதுவரை என் உடம்பை ஒரு பயணப்பையைப்போல வீடு வீடாகத் தூக்கித் திரிந்திருக்கிறேன். இப்போது அது இறக்கி வைக்கப்பட்டிருந்தது. பொழுதும் என்னைத் துரத்தாமல், யன்னலோரம் வெயிலாக உட்கார்ந்திருந்தது.

ஒரு மத்தியானம் யோகன் சோற்றுப் பார்சலோடு வந்தான். என் கட்டட வாசலில் தபால்பெட்டிகளின் முன் நின்று பணப்பையைத் திறந்தான். உள்ளே என் பெயர்ச்சீட்டு இருந்தது. மருத்துவமனையிலிருந்து போன அன்றே தன் பெட்டியிலிருந்து உரித்து வைத்திருக்கிறான். பசை காய்ந்துபோயிருந்தது. என் ஊசிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டர் கேட்டு வாங்கி, அதை என் பெட்டியில் நேராக ஒட்டினான்.