மாமரத்தின் நடுவே டேப்பு

ஓசூர் ரோட்டில் லாரியை ஓரம் கட்டியிருக்கிறேன். பக்கத்து மாந்தோப்பில் அண்ணனும் தம்பியும் பாகம் பிரிக்கிறார்கள். டேப்பின் முனையை ஒருவர் பிடித்தால் மற்றவர், இழுக்கிறான் என்று சண்டைக்கு வருகிறார். நான் வெளியூர்க்காரன். அதனால் நிலம் அளக்க வந்த சர்வேயர், வேடிக்கை பார்க்கப் போன என்னிடம் முனையைக் கொடுக்கிறார்.

“அமெரிக்காவோட மொத ஜனாதிபதியும் நெலம் அளந்தவருதாண்ணா,” என்கிறார் பெருமையாக.

பாகம் பிரிக்கும் கோடு, நன்றாகக் காய்த்த ஒரு மரத்தின் நடுவே போகிறது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

“அந்த ஜனாதிபதியா இருந்தா இத யாருக்கு சார் குடுத்திருப்பாரு?” என்று தம்பி கேட்கிறார்.

சர்வேயர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைக்கிறார்.

“இந்த மாதிரி ஒரு மரத்தப் பாத்துட்டுதான்யா அவரு அளக்கறத விட்டுட்டு ஜனாதிபதியா போயிருப்பாரு.”