அணைத்தே வைத்திருக்க வேண்டிய போன்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், எண்ணூரில் மீன் கூடை தூக்கியது, திருவொற்றியூரில் செல்போன் ரிப்பேர் என்று எதிலும் நிலைக்கவில்லை. அழிந்ததை மீட்கத் தெரியும் என்பதால், போன், கம்ப்யூட்டர் சாட்சியம் உள்ள வழக்குகளை மட்டுமே நடத்தும் ஒரு வக்கீலம்மா என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் நாளே ஒரு பாடம் சொன்னார். அணைந்து கிடக்கும் போன் அணைந்தே இருக்கட்டும். சிம்மைக் கழற்றி, முழு நகல் எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

சடையங்குப்பத்தில் ஒரு அக்காவிடம், வழக்குக்காக அவள் கணவனின் போனை வாங்கப் போனேன். அவன் கன்டெய்னர் யார்டில் நசுங்கி இறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அன்று அவனுக்கு வேலையே இல்லை, தானாக உள்ளே நுழைந்தான் என்றது நிர்வாகம். சூப்பர்வைசர் வாய்ஸ் மெசேஜில் கூப்பிட்டதைப் பக்கத்தில் இருந்தே கேட்டவள் அவள். நஷ்ட ஈடு அந்தக் குரலை நம்பித்தான் இருந்தது.

விபத்திலிருந்தே அணைந்து கிடந்த போனை உறையில் போடப்போனேன்.

"ஒரு தபா அவரு கொரல கேட்டுக்கினு தரேன் நைனா. கோர்ட்டுக்குப் போனா எப்ப திரும்பி வருமோ."

கூடாது என்று தெரியும். ஆன் செய்தேன். சிம்மைக் கழற்றவில்லை; ரீசார்ஜ் காலமும் முடிந்திருக்கவில்லை, சிக்னல் வந்தது. சூப்பர்வைசரின் குரல் இருந்த இடம், எங்கள் கண்ணெதிரே, மெசேஜ் அழிக்கப்பட்டது என்று மாறியது. விபத்தன்றே சூப்பர்வைசர் தன் போனிலிருந்து அழித்திருக்கிறான். இந்தப் போன் அணைந்திருந்ததால் அந்த அழிப்பு இங்கே வந்து சேரவில்லை. நான்தான் வரவழைத்தேன்.

அதற்குக் கீழே கணவனின் பதில் மட்டும் மிஞ்சியது.

"தோ வந்துகினே கீறேண்ணே."

அவள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ போட்டாள். குடித்தேன்.

மீட்கப் பார்த்தேன், வரவில்லை. வக்கீலம்மா திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்; எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும் என்றார். அக்காவிடம் நீயே போய்ச் சொல் என்றும் சொன்னார்.

போய்ச் சொன்னேன். ஏசுவாள் என்று நின்றேன். ஏசவில்லை, கேட்டாள்.

"நீ ஆன் பண்ணலன்னா அவரு கொரல நான் கேட்டே இருக்க மாட்டேனா?"

ஆமாம் என்றிருந்தால் அவளுக்கும் ஆறுதல், எனக்கும் தப்பித்தல்.

"கேட்டிருப்பக்கா. கொஞ்ச நாள் கழிச்சி, நகல் எடுத்தப்புறம். ரெண்டு கொரலையும்."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஆபீசுக்கு வந்தால் வக்கீலம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போகிறாள்.