கை தெரியும் படம்

என் தங்கை புருஷனுக்கு நான் வைத்த பேர் கத்தரி. தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கென்று இருக்கும் ஓர் இணையதளத்தில் அவருக்கு வேலை. யார் படம் ஏற்றினாலும் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தூக்கிவிடுவார். வீட்டில் குடும்பப் படத்தைக் காட்டினால்கூட "வெளிச்சம் பத்தாது" என்று முகத்தைச் சுளிக்கிற ஆள்.

தங்கையும் அந்தத் தளத்தில் படம் ஏற்றுகிறவள்தான். சாக்கடை ஓரமும் புதர் மறைவுமாக மழையில் நனைந்து எடுத்த படங்கள். ஒரு நாள் அவள் கணக்கே முடங்கியது. அத்தனை வருஷப் படமும் போச்சு. முடக்கியது கத்தரி.

நேரே வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஏன் மாப்ளே, கட்டின பொண்டாட்டி படத்தையா தூக்குவீங்க?"

"படத்துல மனுஷன் கை தெரியக் கூடாது மச்சான். மூணு தடவை தெரிஞ்சா கணக்கு காலி. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அது யாரு கைங்க?" என்றாள் தங்கை. "தவளை வழுக்கி ஓடுதுன்னு நீங்கதானே பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?"

"ஆமா, பிடிச்சேன்."

"பிடிக்கிறப்ப வாயில என்ன, பூட்டா போட்டிருந்தீங்க?" என்றேன்.

"நான் வீட்டுல ஆபீஸ் விஷயம் பேசுறதில்ல மச்சான்."

தங்கை அவர் கண்ணெதிரிலேயே வேறொரு தளத்தில் புதுக் கணக்கு தொடங்கினாள்.

மழை வந்தால் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறாள், குடை பிடிக்க. "அண்ணே, தவளையைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்கிறாள். கத்தரி ஜன்னலில் நின்று எங்களை முறைக்கிறார். நன்றாக முறைக்கட்டும்.