மேலக்காவின் பித்தப்பை

கட்டிட வேலை நடக்கும் இடத்தில் அவரை எல்லோரும் மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது மாடி உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் பலகைகளையும் தூக்கி இறக்குகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவரைவிட ஆறு வயது மூத்த கொடியண்ணன்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

கொடியண்ணன் தரையில் நிற்பவர். சுமையைக் கொக்கியில் மாட்டச் சொல்லி, ஆட்களை விலக்கி, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று மேலே இருப்பவருக்குச் சொல்வது அவர் வேலை. வாக்கி-டாக்கி வருவதற்கு முன்பு கொடி அசைத்தவர். கொடி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. பதினோரு வருடமாக இருவரும் ஒரே கிரேனில் ஜோடி. நேருக்கு நேர் பார்த்துக்கொண்ட நேரம் குறைவு. ஆனால் காலையில் ஒருவர் தொண்டையைச் செருமினாலே போதும், வீட்டில் என்ன சண்டை என்று மற்றவர் சொல்லிவிடுவார்.

மேலக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே பூசினாற்போன்ற உடம்பு. நாற்பதைத் தாண்டியதும் பூச்சு கனத்துக்கொண்டே போனது. நாளெல்லாம் ஒரே நாற்காலியில் உட்காரும் வேலை. ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்குவார். கீழேயிருந்து யாராவது "என்னக்கா நின்னுட்டீங்க?" என்று கேட்டால், "நிக்கலடா, வேடிக்கை பார்க்கிறேன்" என்பார்.

புது சைட்டுக்கு மாறியபோது அந்த வேடிக்கை முடிவுக்கு வந்தது. அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரி கறாரானவர். ஏணி ஏறுகிறவர்கள் கட்டிக்கொள்ள வேண்டிய பெல்ட்டை எடுத்துக் காட்டினார். அது தாங்கும் எடை நூறு கிலோ. மேலக்கா நூற்றுப் பதினெட்டு.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. பெல்ட்டுதான் சொல்லுது" என்றார் அதிகாரி.

மேலக்காவை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. கஷ்டமான வேலை இல்லை. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால், தன்னுடைய கிரேனை வேறொருவன் வெட்டி வெட்டித் திருப்புவது தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு வரும் கொடியண்ணன், "நான் நிறுத்துன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் அடுத்த தெருவுக்குப் போயிடறான்" என்று புலம்புவார். கேட்கக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும்.

ஒரு வருடம் பொறுத்தார். சோற்றைக் குறைத்தார், நடந்தார், நான்கு கிலோ இறங்கினால் ஐந்து கிலோ ஏறியது. சர்க்கரையும் எட்டிப் பார்த்தது. கடைசியில் வயிற்றைச் சின்னதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்று முடிவெடுத்தார்.

அவர் கணவர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். ஒரே பானையில் சாப்பிட்டும் ஈர்க்குச்சியாகவே இருக்கிற மனிதர். விஷயத்தைக் கேட்டதும் பதறினார். "எதுக்கு வயித்தை வெட்டிக்கணும்? நீ எப்படி இருந்தாலும் எனக்குச் சரிதான்."

"உங்களுக்குச் சரி. ஏணிக்குச் சரியில்லையே" என்றார் மேலக்கா.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வயிறு ஒரு வாழைப்பழம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் உணவு ஆலோசகர் என்னென்ன சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு, ஒரு மாத்திரைப் பெட்டியைத் தனியாக எடுத்துக் காட்டினார். "உடம்பு வேகமா இளைக்கறப்போ பித்தப்பையில கல்லு சேரும். அதைத் தடுக்கத்தான் இது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஆறு மாசம் விடாம சாப்பிடணும்." மேலக்கா தலையை ஆட்டினார்.

நான்கு மாதத்தில் தொண்ணூற்றிரண்டு கிலோவுக்கு வந்தார். அதிகாரி எடை பார்த்து, டாக்டர் சீட்டைப் பார்த்து, பெல்ட்டைக் கையில் கொடுத்தார். அன்று மேலக்கா மூன்று இடத்தில் மட்டும் நின்று மேலே போய்ச் சேர்ந்தார். கூண்டுக்குள் நாற்காலி அகலமாகிவிட்டதுபோல் இருந்தது. வாக்கி-டாக்கியில் கொடியண்ணன், "யாரு மேல?" என்றார்.

"மேலக்கா."

"அப்பாடா" என்றது கீழேயிருந்து வந்த குரல்.

ஆனால் ஒரு சங்கடம். அந்த மாத்திரை சாப்பிட்டால் மேலக்காவுக்கு வயிறு இளகும். ஸ்டோரில் இருந்தவரை பரவாயில்லை, நாலு எட்டு வைத்தால் கழிப்பறை. கூண்டில் ஏது? ஒவ்வொரு முறையும் இருபது மாடி இறங்கி ஏற முடியுமா? இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மாத்திரைப் பெட்டியை அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிட்டார். நாலு மாதம் சாப்பிட்டாயிற்று, மிச்சம் இரண்டு மாதம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். டாக்டரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து முதல் வலி வந்தது. வெண்ணெயில் வறுத்த முட்டை சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே யாரோ முஷ்டியை வைத்து அழுத்துவதுபோல ஆரம்பித்து, முதுகுக்குப் போய், தோள்பட்டையில் நின்றது. ஒரு மணி நேரம் படுத்தியெடுத்துவிட்டுப் போய்விட்டது. புது வயிறு, இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து மறுபடி. பிறகு வாரம் ஒரு முறை. வெண்ணெயை விட்டார், பாலை விட்டார், இரவுச் சாப்பாட்டையே விட்டார். வலி மட்டும் அவரை விடவில்லை.

கல்லூரிக்குப் போகும் மகள் ஒருநாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இது இளைச்ச முகம் இல்ல. வலியில இருக்கற முகம்."

"வாய்வுடி. போய்ப் படி."

வெளியே சொன்னால் மறுபடி ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

அன்று காலை பத்து மணி இடைவேளையில், டப்பாவில் கொண்டுபோயிருந்த இரண்டு முட்டையைக் கூண்டிலேயே சாப்பிட்டார். பதினொரு மணிக்குப் பதினாலாவது மாடிக்காக ஒரு கான்கிரீட் பலகையைத் தூக்கினார். இரண்டு டன். பாதி உயரம் போயிருக்கும்போது வலி பிடித்துக்கொண்டது. இந்த முறை அழுத்தவில்லை, முறுக்கியது. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. இடது கையால் விலாவைப் பிடித்துக்கொண்டார். வலது கையை லீவரிலிருந்து எடுக்கவில்லை.

"கொடியண்ணே, பலகையைக் கீழ இறக்கப் போறேன். காலி இடம் காட்டுங்க."

"ஏன், பதினாலுக்குத்தானே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அந்தக் குரல் அவருக்குப் பழக்கமில்லாத குரல். "வேலி ஓரம் காலி. ஆளை விலக்கியாச்சு. மெதுவா வாங்க. இன்னும் பத்தடி. அஞ்சு. ரெண்டு. தொட்டாச்சு... கொக்கி கழட்டியாச்சு. இப்பச் சொல்லுங்கக்கா, என்ன?"

"எனக்கு முடியல அண்ணே."

பதினோரு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை. பாதுகாப்பு அதிகாரி மீட்புக் குழுவைக் கூப்பிட்டார். வந்து சேர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அதிகாரி போனை வைப்பதற்குள் கொடியண்ணன் ஒரு பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டார்.

இதில் விசேஷம் என்னவென்றால், கொடியண்ணனுக்கு உயரம் என்றால் குலை நடுங்கும். வீட்டில் பல்பு மாற்றுவதற்கு ஸ்டூலில் ஏறினால்கூட மனைவி வந்து காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிரேன் வேலையில் இத்தனை வருடம் இருந்தும் முதல் தட்டுக்கு மேலே போனதில்லை. அன்று கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, உச்சி வரை ஏறிவிட்டார்.

கூண்டுக்குள் மேலக்கா சுருண்டு உட்கார்ந்திருந்தார். டப்பாவில் வாந்தி எடுத்திருந்தார்.

"வந்துட்டேன்கா. இனிமே பயப்படாதீங்க" என்றார் கொடியண்ணன். சொன்ன வாயோடு காலடியில் இருந்த கண்ணாடித் தரையைப் பார்த்துவிட்டார். அதற்குக் கீழே இருபது மாடி. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் கண்ணைத் திறக்கவேயில்லை.

கண்ணை மூடியபடியே பேசிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வருகிறது என்றார், வீட்டுக்காரருக்குச் சொல்லியாயிற்று என்றார், எல்லாம் வாய்வுதான் என்றார், வாய்வே இல்லை என்றும் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் வலி மெல்லத் தளர்ந்தது. அதற்குள் மீட்புக் குழுவினர் மூன்று பேர் கயிறோடு மேலே வந்துவிட்டார்கள். வந்தவர்கள், முகம் வெளுத்துக் கண்மூடி நடுங்கிக்கொண்டிருந்த கொடியண்ணனைப் பார்த்து நேரே அவரிடம் போனார்கள்.

"அவரில்ல, நான்தான்" என்றார் மேலக்கா.

மேலக்காவுக்குக் கயிறு கட்டினார்கள். இறங்கலாம் என்றதும் கொடியண்ணன், "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றார்.

"எத்தனை நாளைக்கு அண்ணே?"

"கட்டிடம் முடியற வரைக்கும்."

விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் மேலக்கா. சிரித்தால் வலித்தது, நிறுத்த முடியவில்லை. கடைசியில் கொடியண்ணனுக்கும் கயிறு கட்டினார்கள். மேலக்கா முன்னால் இறங்கிக்கொண்டே குரல் கொடுத்தார். "இடது காலை இறக்குங்க. இன்னும் அரை அடி. தொட்டாச்சு. இப்ப வலது." அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவர் தரைக்கு வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்று அறுவை சிகிச்சை செய்த அதே பெண் டாக்டர் வந்தார். பித்தப்பை நிறையச் சின்னச் சின்னக் கற்கள்.

"ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"நாலு மாசம் டாக்டர்."

"அப்புறம்?"

"அப்புறம் கிரேன் ஏறினேன். மேல பாத்ரூம் கிடையாது."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேரத்தை மாத்தியோ அளவை மாத்தியோ பார்த்திருப்பேன். சரி, மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் சிலருக்குக் கல்லு வரத்தான் செய்யுது. அதுக்காக உங்களையே திட்டிக்காதீங்க. வலியை மூணு மாசம் மறைச்சீங்களே, அதுக்கு வேணா திட்டிக்குங்க. காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ இல்லாததால தப்பிச்சீங்க. ஒரு கல்லு குழாய்ல இறங்கி அடைச்சிருந்தா கதையே வேற."

பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார். மேலக்கா திகைத்தார். "அது இல்லாம இருக்க முடியுமா?"

"நல்லாவே இருக்கலாம். பித்தத்தைச் சுரக்கறது கல்லீரல். அது பாட்டுக்குச் சுரக்கும். சேர்த்து வைக்கிற பை மட்டும்தான் இருக்காது."

ஓரமாக நின்ற கணவர் வாயைத் திறந்தார். "அப்போ இனிமே இவளுக்குப் பித்தம் தலைக்கேறாதில்ல டாக்டர்?"

"அது உங்களைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே ஏறிடுச்சு" என்றார் மேலக்கா. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

இரண்டு நாள் கழித்து அறுவை சிகிச்சை. நான்கு சின்ன ஓட்டைகள், பழைய தழும்புகளுக்குப் பக்கத்திலேயே. மறுநாள் எழுந்து நடந்தார். எடுத்த கற்களை ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பார்க்க வந்த கொடியண்ணன் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "சைட்ல ஜல்லி பத்தலைன்னு மூணு நாளா வேலை நிக்குது. நீங்க இங்க பதுக்கி வச்சிருக்கீங்க."

பாதுகாப்பு அதிகாரியும் வந்தார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அறிக்கையில ரெண்டு விஷயம் எழுதியிருக்கேன்" என்றார். "சுமையைப் பத்திரமா தரையில வச்சுட்டு அப்புறம்தான் உதவி கேட்டீங்க. அது ஒண்ணு. உடம்பு சரியில்லாம மூணு மாசம் மேல ஏறினீங்க. அது இன்னொண்ணு."

"ரெண்டும் நிஜம்தான்" என்றார் மேலக்கா. "ரெண்டாவது தப்பு. கீழ நின்னவங்க தலைக்கு மேலதானே தூக்கிட்டிருந்தேன். அதை நான் யோசிச்சிருக்கணும்."

அதிகாரி எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தார். "ஆறு வாரம் ஓய்வு. டாக்டர் சீட்டோட வாங்க. உங்க இடம் அங்கேயேதான் இருக்கு."

அந்த ஆறு வாரத்தைப் போல ஒரு காலம் தனக்கு வாய்த்ததில்லை என்று மேலக்கா பிற்பாடு சொல்வார். பசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வலிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் சூப்பு, பிறகு மசித்த காய், பிறகு மீன். கணவர் சமைக்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒரு விடுமுறை நாளில் பள்ளி பஸ்ஸைக் கழுவிக் கொண்டுவிடப் போனபோது மேலக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். காலி பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தார் மேலக்கா.

"என்ன பேசாம வர்றே?"

"இவ்வளவு தாழ்வா இருந்துட்டு எப்படித்தான் வண்டி ஓட்டறீங்களோ" என்றார்.

வேலைக்குத் திரும்பிய நாளில் எழுபத்தெட்டு கிலோ. புது பெல்ட், டாக்டர் சீட்டு, அதிகாரியின் கையெழுத்து எல்லாம் ஆயிற்று. ஏணியில் கால் வைக்கப்போகும்போது காற்று கிளம்பிவிட்டது. கிரேன் உச்சியில் இருந்த காற்றளவி வரம்பைத் தாண்டிச் சிவப்பு விளக்கைக் காட்டியது. அந்தச் சைட்டில் இருந்த மூன்று கிரேன்களையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

"உங்களுக்கு ராசியே இல்லக்கா" என்றார் கொடியண்ணன்.

"இல்லாட்டிப் போகட்டும்."

இருவரும் கேன்டீனில் போய் உட்கார்ந்தார்கள். மேலக்கா ஒரு துண்டு ரொட்டியையும் ஒரு முட்டையையும் அரை மணி நேரம் மென்றார். வேலையில்லாத ஆட்கள் பக்கத்து மேஜையில் சீட்டாடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரை படபடத்தது. கொடியண்ணன் தன் பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பையனுக்கு விமானத்தில் வேலையாம், அதுதான் யோசனையாக இருக்கிறதாம். பாதியில் திரும்பிப் பார்த்தால், மேலக்கா ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்து பெஞ்சில் படுத்துத் தூங்கிப் போயிருந்தார். சீட்டாடுகிறவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார் கொடியண்ணன். காற்று சாயங்காலம் வரை அடங்கவில்லை.